பிரித்துத் தைத்தும் போகாத சுருக்கம்

ஸ்ரீரங்கம்,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் பவித்ராவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் இருக்கும் செல்லமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க சமயபுரத்தாளை வேண்டிக்கொள்கிறேன். தினமும் வீடியோவில்தான் பார்க்கிறோமே, அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசும்போது இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மாப்பிள்ளை, இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதிப் பார்சலிலேயே வைக்கிறேன். கூட இருப்பது நான் குழந்தைக்குத் தைத்த பஞ்சுப் போர்வை. முதலில் இதைப் படித்து முடி, அப்புறம் அதை விரி. பயப்பட ஒன்றும் இல்லை, இப்போது இல்லை. காவிரியில் தண்ணீர் நிறையப் போகிறது, அம்மா மண்டபத்தில் கீழ்ப்படியில் இறங்க விடுவதில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது, திருட்டுத்தனமாக மைசூர்பாகு தின்பது மட்டும் குறையவில்லை.

மேல் வீட்டு ரஞ்சனி தையல் வகுப்பு நடத்துகிறாள் என்று சொல்லியிருக்கிறேனே, அவள்தான் போர்வை தைக்கக் கற்றுக் கொடுத்தாள். மேலே உன் பழைய பாவாடை, சுடிதார் எல்லாம் வெட்டி ஒட்டுப் போட்டேன், நடுவில் பஞ்சு, அடியில் ஒரு மெல்லிய துணி வைத்து மூன்றையும் சேர்த்து ஊசி ஓட்ட வேண்டும். அடித்துணிக்குத் தோதாக என்னிடம் எதுவும் இல்லை. அந்தச் சமயம் மண்ணச்சநல்லூரிலிருந்து உன் அத்தை செல்லக்கிளி வந்திருந்தாள், அவளிடம் சொன்னேன். அடுத்த தடவை வரும்போது நூல் சேலை ஒன்றில் பாதியைக் கொண்டுவந்து, "பிள்ளைக்கு உறுத்தாது அண்ணி, நல்லாப் பழகின துணி" என்று கொடுத்தாள். மாம்பழ நிறம், வெளுத்துப்போய் வெண்ணெய் மாதிரி இருந்தது. வெட்ட மனம் வராமல் இரண்டாக மடித்துப் போட்டேன், அளவு சரியாக இருந்தது.

தைத்து முடித்துத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் நட்ட நடுவில் ஒரே சுருக்கம். புதிதாகத் தைப்பவர்களுக்கு அப்படித்தான் வரும், அடித்துணியை இழுத்துப் பிடிக்காமல் தைத்திருப்பீங்க என்று ரஞ்சனி சொன்னாள். அந்த இடத்துத் தையலை மட்டும் பிரித்து, நடுவிலிருந்து வெளியே நீவிவிட்டு, ஊக்குக் குத்தித் திரும்ப நூல் ஓட்டச் சொன்னாள். அப்படியே செய்தேன், தேய்த்தும் வைத்தேன், பலகை மாதிரி இருந்தது. காலையில் எடுத்துப் பார்த்தால் அதே இடத்தில் அதே சுருக்கம். நூல் ஒன்றும் அறுந்திருக்கவில்லை. பஞ்சு நகர்ந்திருக்கும் என்று அதையும் பிரித்துச் சரிசெய்தேன், மறுநாளும் வந்துவிட்டது. கட்டிலில் விரித்தால் அந்த இடம் மட்டும் லேசாகக் குழிந்து, சுற்றிலும் மடிப்புகள் அதை நோக்கி ஓடின. கையை வைத்தேன். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரிச் சூடாக இருந்தது. அந்த அறையில் வெயிலே வராது, உனக்குத் தெரியும். குனிந்தால் வசம்பு வாசம். நம் வீட்டில் வசம்பு வாங்கி எத்தனையோ காலம் ஆகிறது, அந்தத் துணியை நானே இரண்டு தண்ணீரில் அலசித்தான் எடுத்தேன். வெயிலில் போட்டால் போகும் என்று மொட்டை மாடிக் கொடியில் போட்டேன். ஆற்றுக் காற்றுக்கு மற்ற துணியெல்லாம் படபடவென்று அடித்துக்கொள்ள, போர்வை மட்டும் நிதானமாக முன்னும் பின்னும் போய் வந்தது. பார்த்துக்கொண்டே நின்ற நான் எவ்வளவு நேரம் ஆராரோ பாடினேனோ தெரியாது, துணி எடுக்க வந்த ரஞ்சனி என் தோளைத் தொட்ட பிறகுதான் வாயை மூடினேன். அவள் போர்வையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது தையல் சுருக்கம் இல்ல ஆன்ட்டி. பாரம் தாங்கிப் பழகின துணிதான் இப்படி விழும்" என்று சொன்னாள். அப்புறம் அவள் அதைத் தொடவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் பின்பக்கத்தைக் காட்டி, இது செல்லக்கிளி கொடுத்த சேலை, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். கையில் வாங்கியவர் சட்டென்று கீழே வைத்துவிட்டார். பிறகுதான் சொன்னார். நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்னால் அத்தைக்கு ஒரு பையன் பிறந்திருக்கிறான். பிறந்தது தங்கவில்லை என்று மட்டும்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். தங்காமல் இல்லை பவி, தவழ்ந்து விளையாடிய பிள்ளை. ஒரு மத்தியானம் தூளியில் போட்டுவிட்டு அத்தை அரிசி மில் களத்துக்கு நெல் காயவைக்கப் போயிருக்கிறாள். காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை, தூங்கின பிள்ளை எழுந்திருக்கவில்லை. தூளியிலிருந்து எடுத்தவர் உன் அப்பாதான். அந்தத் தூளி கட்டியிருந்த சேலைதான் இது. "பிரிச்சு எடுத்து ஆத்துல விட்டுடு, பவிகிட்ட சொல்லாத" என்றார். போன தடவை உனக்குக் கரு நிற்காமல் போனது, நாம் பட்டது எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. இப்படிப்பட்ட துணியை என் பிள்ளையின் பிள்ளைக்கு எப்படிக் கொடுக்க மனசு வந்தது இவளுக்கு என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலையில் ஓரத்தையெல்லாம் பிரித்து அடித்துணியை முழுசாக எடுத்தேன். எடுத்தபின் அது கையில் கனத்தது, பாதிச் சேலை அவ்வளவு கனக்காது. ஆற்றில் விடலாம் என்று பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மண்டபம் வரைக்கும் போய்விட்டேன். ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் கை நீளவில்லை. குழந்தையை எப்படிப் போடுவது? அப்படியே பஸ் ஏறி மண்ணச்சநல்லூர் போனேன். பஸ்ஸில் பையை மடியில் வைத்து ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தேன், இறங்கும்போதுதான் அதைக் கவனித்தேன்.

அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். சண்டை போடத்தான் போனேன், அவள் முகத்தைப் பார்த்ததும் ஏன் இப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டேன். "அவன் தனியா இருக்கான் அண்ணி. பவி பிள்ளை பக்கத்துல கெடந்தா அவனுக்கு ஒரு தொணையா இருக்கும்னு நெனச்சேன். கெடுதல் நெனைக்கல" என்றாள். வருத்தப்பட்டுக்கூடச் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். துணையைத் தேடி அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது செல்லக்கிளி, குளிர் தாங்க மாட்டான், உன்கிட்டயே இருக்கட்டும் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. அவள் தலையை ஆட்டினாள். துணியை வாங்கி, உள்ளே கூடத்துக் கொக்கியில் கயிறு கோத்துத் தூளி கட்டினாள். வெறும் தூளி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நேராகத் தொங்கும், நீயும் பார்த்திருப்பாய். இது வயிறு வைத்துத் தொங்கியது. அவள் கீழே உட்கார்ந்து ஒரு கையால் கீரையை உருவிக்கொண்டே மறு கையால் ஆட்டிவிட்டாள். புறப்படும்போது தூளியைப் பார்த்து, போயிட்டு வரேன்டா என்று நானும் சொன்னேன். செல்லக்கிளி உதட்டில் விரல் வைத்து என்னை அடக்கினாள்.

திரும்பி வந்து வெள்ளை மல் துணி வாங்கி அடியில் போட்டுத் தைத்தேன். நாலு நாள் விரித்தே வைத்துப் பார்த்தேன், ஒரு சுருக்கமும் விழவில்லை, சூடும் இல்லை, புதுத்துணி வாசம்தான். உனக்கு மனசு ஒப்பினால் குழந்தைக்குப் போடு, இல்லையென்றால் மடித்து வை, நான் வருத்தப்பட மாட்டேன்.

இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள், பனி விழ ஆரம்பித்தால் தனியாக நடக்காதே. நீயும் உன் பிள்ளையும் தீர்க்காயுசோடு இருக்க அம்மாவின் பரிபூரண ஆசீர்வாதம், மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி. ஒன்றே ஒன்று மறக்காமல் செய். அத்தைக்குப் போன் பண்ணு. அவன் பேர் பிச்சைமுத்து, சமயபுரத்தில் மடியேந்திக் கேட்டு வாங்கிய பிள்ளை. அவனைப் பேர் சொல்லி விசாரி. தூங்குகிறான் என்பாள். சரி அத்தை என்று சொல்லிவிட்டு, மெதுவாகப் பேசு.

இப்படிக்கு,
உன் அம்மா
பானுமதி