இருபத்தைந்தரை அங்குலம்

பிப்ரவரி 9, சனி

இன்று மாலை அடுக்களையில் இருந்தவர்கள்: என் கணவர் முர்டோ, அவர் தங்கை டோலினா, என் மகன் ஃபின்லே, நான். டோர்கில் இல்லை. அவன் கடலில், எண்ணெய் மேடையில் வேலையாக இருக்கிறான். ஜூலையில் அவனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் கில்ட்டை, எங்கள் ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடையை, நானே தைக்கிறேன் என்று நான்தான் வலியச் சொன்னேன்.

டோர்கில் முர்டோவின் மூத்த தாரத்து மகன். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. என்னைச் சித்தி என்பான். நானும் வேறெதுவும் கேட்டதில்லை.

அளவுகளை அனுப்பியிருந்தான். கூட வேலை பார்க்கும் கென்னி நாடா பிடித்தானாம். சுற்றளவுகள் சரி. நீளம் மட்டும் இருபத்தைந்தரை. இருபத்தைந்தரையா! அது பனை மர உயரத்து ஆளுக்கல்லவா வரும்? டோர்கிலும் ஃபின்லேயும் ஒரே உயரம். கதவு நிலையில் இரண்டு பேர் கோடும் ஒன்றாக இருக்கிறது. ஃபின்லேயைக் கூப்பிட்டு அளந்தேன். தொப்புள் மட்டத்திலிருந்து முழங்கால் சில்லின் நடு வரை இருபத்து மூன்றரை. முழங்கால் போடச் சொல்லியும் பார்த்தேன். நாடாவின் நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அதுதான் கணக்கு.

டோலினாவுக்குச் சிரிப்பு. "நம்ம சபையில ஜெபத்துக்கே எல்லாரும் எழுந்துதான் நிப்போம். உன் வீட்டுல துணிக்கு முழங்கால் போடறாங்க, பெக்கி!"

"அவன் அனுப்பினதையே வச்சுத் தைக்கலாமே," என்றார் முர்டோ.

"எண்ணெய் மேடையில இருக்கறவனுக்கு நாடா பிடிக்கத் தெரியுமாங்க? பூட்ஸோட நிக்க வச்சு அளந்திருப்பான்."

இருபத்து மூன்றரை என்று எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 13, புதன்

துணி வெட்டினேன். ஆண்டவரை நினைத்துக்கொண்டுதான் கத்தரியை எடுத்தேன். கில்ட்டுக்கு அடிமடிப்பு கிடையாது. தறியில் விழுந்த கரையே கீழ் விளிம்பு. வெட்டுவது எல்லாம் மேல்பக்கம். நீளம் கூடினால் மேலே பிரித்துக் குறைக்கலாம், குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. முர்டோவின் பழைய கில்ட் ஒன்றைப் பிரித்துப் பார்த்துப் படித்துக்கொண்டது.

மார்ச் 5, செவ்வாய்

மடிப்பு வேலை. மடித்தாலும் துணியின் கட்டம் கட்டத்தோடு சேர வேண்டும். விரல் நுனியெல்லாம் பொத்தல்.

மார்ச் 28, வியாழன்

முடிந்தது. தோல் வார்கள் வைத்தாயிற்று. இதுவரை தைத்ததிலேயே நல்லது இதுதான். பெருமை பாவம் என்று தெரியும். இருந்தாலும் இரண்டு முறை விரித்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 6, சனி

எப்படி எழுத.

டோர்கில் நேற்று வந்தான். இன்று எல்லோரும் இருக்கும்போது உடுத்திப் பார்த்தான். முழங்கால் சில்லுக்கு மேலே இரண்டு அங்குலம் வெறும் தொடை. மாப்பிள்ளைப் பிள்ளை, ஸ்கூல் பெண்பிள்ளை பாவாடையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல நின்றான்.

"என்ன சித்தி, காத்தடிச்சா போதகர் கண்ண மூடிக்கணும் போல இருக்கே!"

சிரிக்கத்தான் செய்தான். நான் என்ன சொன்னேன்? "கொஞ்சம் கீழ இறக்கிக் கட்டேன்" என்றேன். தப்பு என்று தெரிந்தே சொன்னேன். மடிப்புகளை இடுப்பிலிருந்து பின்புறத்தின் அகலமான இடம் வரை தைத்து இறுக்கியிருக்கும். இறக்கினால் அந்தத் தையல் இடம் மாறும். மாறிற்று. பின்னால் மடிப்பெல்லாம் வாத்து வால் மாதிரி விரிந்துகொண்டது.

அவன் அதை அவிழ்த்து ஒழுங்காக மடித்து நாற்காலியில் வைத்தான். "கென்னி தப்பா அளந்துட்டான் சித்தி. நானும் பார்க்காம அனுப்பிட்டேன். மன்னிச்சுக்குங்க. எத்தனை நாள் உட்கார்ந்து தைச்சீங்க, எல்லாம் வீணாப் போச்சு."

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். அவனைத் தவிர அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். முர்டோ அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளும் வாயை மூடாத டோலினா எழுந்துபோய்க் கெண்டியில் தண்ணீர் பிடித்தாள். நான் — "பரவாயில்லைப்பா" என்றேன். பரவாயில்லையாம்!

அதோடு விட்டிருந்தால்கூட. "டேய் ஃபின்லே, நீ போட்டுப் பாருடா, சும்மா ஏன் கிடக்கணும்" என்று அவனே எடுத்துக் கொடுத்தான். ஃபின்லே மாட்டேன் மாட்டேன் என்றான். வற்புறுத்திக் கட்டிவிட்டான். சில்லின் நடுவில் வந்து கச்சிதமாக நின்றது. ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

டோர்கில் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "உனக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு" என்றான். சிரிப்பு இல்லை இந்த முறை.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஓய்வுநாளான ஞாயிறன்று எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. இன்று எழுதுகிறேன்.

ஜெபத்துக்கு எழுந்து நின்றபோது டோர்கில் எனக்கு முன் வரிசையில். முதல் தடவையாக அவன் முதுகைப் பார்த்தேன். அவனுக்குக் குட்டை முதுகு. கால்தான் நீளம். பக்கத்தில் நின்ற ஃபின்லேயின் பெல்ட் எவ்வளவு கீழே! தலைகள் இரண்டும் ஒரே மட்டம், இடுப்புகள் இரண்டும் வேறு மட்டம். கென்னி சரியாகத்தான் அளந்திருக்கிறான்.

இது எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் இரண்டு பேர் கால்சட்டையையும் ஒரே கொடியில் காயப் போட்டேன். ஃபின்லேயுடையதை வாங்கியதும் கீழே மடித்துத் தைப்பேன். டோர்கிலுடையதைப் பிரித்து இறக்கிவிடுவேன். கைக்குத் தெரிந்திருக்கிறது. கண் பார்க்கவில்லை. இல்லை, அதுவும் பொய். கண்ணுக்குள் எப்போதும் ஃபின்லேதான் நின்றிருக்கிறான். மாப்பிள்ளை என்று நினைத்துத் தைத்தபோதுகூட.

ஏப்ரல் 9, செவ்வாய்

டோர்கில் காலைப் படகில் போய்விட்டான். கல்யாணத்துக்குக் கடையில் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறானாம். "நீங்க கஷ்டப்பட வேண்டாம் சித்தி." வாசலில் நின்று சொன்னான்.

ஃபின்லே அந்தக் கில்ட்டைக் கொண்டுவந்து என் கட்டிலில் போட்டான். "அம்மா, எனக்கு இது வேண்டாம். இதைக் கட்டிக்கிட்டு அவன் கல்யாணத்துல நான் நிக்க முடியாது."

ஏப்ரல் 11, வியாழன்

டோர்கில் தொலைபேசியில் அப்பாவிடம் பேசினான். பிறகு என்னிடம்.

"கென்னி சத்தியம் பண்றான் சித்தி, மூணு தடவை அளந்தேன்னு. மேடையில எல்லாரும் அவனை ஓட்டி எடுத்துட்டாங்க. நாடாவைத் தலைகீழாப் பிடிச்சவன்னு பேரே வச்சுட்டாங்க. மாப்பிள்ளைத் தோழன் வேற அவன். பாவம், முகமே சுண்டிப்போச்சு."

இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

முர்டோ செய்தித்தாளை மடித்தார். "பெக்கி, நான் சொல்லப் போறதில்லை. இது உன் வாயால வரணும். ஆனா இன்னும் ஒரு வாரம் போச்சுன்னா, நீ சொன்னாலும் அவனுக்கு அது வேற மாதிரிதான் கேக்கும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

ஆண்டவரே, உமக்குச் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. நீர் ஏற்கெனவே அறிந்திருக்கிறீர். அவன் அறியானே.

ஏப்ரல் 12, வெள்ளி

இன்று காலை ரொட்டி சுடவில்லை, துணி துவைக்கவில்லை. முதலில் இதைச் செய்தேன். பேசினால் மறுபடி சாப்பாட்டைக் கேட்டுவிடுவேன் என்று பயந்து எழுதியே அனுப்பினேன். அனுப்பியதை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன், நாளைக்கு எனக்கு நானே வேறு மாதிரி சொல்லிக்கொள்ளாமல் இருக்க.

"டோர்கில், கென்னி சரியாக அளந்தான். நீ அனுப்பியது இருபத்தைந்தரை. அதை நம்பாமல் ஃபின்லேயை நிற்கவைத்து அளந்து தைத்தேன். அன்று எல்லோர் எதிரிலும் நீ மன்னிப்புக் கேட்டபோது வாயை மூடிக்கொண்டேன். நேற்றும் மூடிக்கொண்டேன். இந்தச் செய்தியைக் கென்னிக்குக் காட்டு. மேடையில் இருக்கும் எல்லோருக்கும் காட்டு, எனக்குச் சம்மதம். உனக்கு வாடகைத் துணிதான் வேண்டும் என்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் தைக்க இன்னும் நேரம் இருக்கிறது. நெசவாலையில் அதே துணி இருக்கிறதாம், திங்கட்கிழமை வரை எடுத்துவைப்பார்கள். நீ வந்து என் முன்னால் நிற்காமல் இந்த முறை கத்தரியைத் தொட மாட்டேன். அடுத்த விடுப்பு எப்போது? வருகிறாயா, இல்லையா? சீக்கிரம் பதில் போடு."