நீல ஜன்னல் படம்

செவ்வாய், இரவு.

என் டைப்பிங் கடையில் இத்தனை நாளும் ஓடியது திருட்டு விண்டோஸ். வைரஸ் வந்து ஃபைல் எல்லாம் போன பிறகுதான் அதைத் தூக்கினேன். அதற்குப் பதில், சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில் மூன்று வகை போட்டுப் பார்த்தேன். இரண்டு இந்தப் பழைய கம்ப்யூட்டரில் இழுத்துக்கொண்டு கிடந்தன. மூன்றாவதான மிண்ட் நன்றாக ஓடியது. பிரிண்டர்கூட மக்கர் பண்ணவில்லை.

இன்று காலை மகளின் கல்லூரி விண்ணப்பம் போட வந்த குருவிகுளத்து அண்ணாச்சி, ஸ்கிரீனைப் பார்த்ததும் சர்டிபிகேட்டைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். "என்னம்மா, டூப்ளிகேட்டா போட்டுருக்க? புள்ள படிப்பு விஷயம்லா. நான் பஸ் ஸ்டாண்டு கடையில பாத்துக்கிடுதேன்."

என் வீட்டுக்காரரும் அவர் கட்சிதான். "ஏட்டி, ஓசியில வந்தது ஓசி மாதிரிதான் இருக்கும்."

மதியம் எரிச்சலில் விண்டோஸின் நீல ஜன்னல் படத்தை இறக்கி வால்பேப்பராக வைத்தேன். வேறு எதையும் மாற்றவில்லை.

பஸ் ஸ்டாண்டு கடையில் கூட்டம் என்று சாயங்காலம் அண்ணாச்சியே திரும்பி வந்தார். ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். "ஒரிஜினலே போட்டுட்டியா? இப்பதான் நம்பிக்கையா இருக்கு."

"ஆமா அண்ணாச்சி" என்றேன். விண்ணப்பமும் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

திருட்டு விண்டோஸ் ஓடிய அத்தனை நாளும் ஒரிஜினலா என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் பொய் சொன்னதில்லை.