முள்ளைத் திரும்ப வைக்காதவர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
18-5-1996

அன்பு மகள் அசீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம் விசாரிப்பதற்கு முன்பு நீ செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். வ. புதுப்பட்டியில் நம் மாந்தோப்புக்குள் போகும் மலைப்பாதையை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஊராருக்குத் திறந்துவிட்டாய். அதனால் தோப்புக் காவலுக்கு இருக்கும் சமுத்திரத்தைக் காட்டுப்பன்றி குத்திவிட்டது. தொடை கிழிந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மற்றபடி நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம்.

நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவில் கடலோரப் பாறை மேல் ஒரு பாதை, காட்டுக்குள் ஒரு பாதை, முதுகில் மூட்டை, கையில் கம்பு. இங்கே இருந்தவரை பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கச் சொன்னால் ரிக்‌ஷா கேட்டவள் நீ. சரி, நட, உடம்புக்கு நல்லது. ஆனால் அந்த ஆசையை ராஜபாளையத்தில் இருக்கும் உன் காலேஜ் சிநேகிதி செல்லக்கனிக்கும் எழுதி, நம் தோப்பு வழியாகப் போனால் அடிவாரம் அழகாக இருக்கும் என்று வழியைப் படம் போட்டு வேறு கொடுத்தாயே, அதுதான் வினை. அவள் மலை நடைச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, ஒருவரைத் தலைவராகவும் வைத்து, எல்லோருக்கும் வெள்ளைத் தொப்பி மாட்டி ஒரு கூட்டத்தையே கூட்டி வந்துவிட்டாள். சமுத்திரத்தின் பெண்சாதி இருளம்மாள், "ஏந்தாயி, நடக்கதுக்கு எதுக்குச் சங்கம்? காலு இருந்தா பத்தாதா?" என்று கேட்டிருக்கிறாள். சிரித்துவிட்டு அவளையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்களாம்.

மாங்காய்க் காலத்தில் ஓடைப் பக்கத்து வழியில் இலந்தை முள்ளை இழுத்துப் போட்டிருப்போம். விறகுக்குப் போகிறவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் அதை விலக்கிக்கொண்டு போவார்கள்; கடைசியில் வருகிறவர் திரும்ப இழுத்து வைப்பார். இது உனக்குத் தெரியாததா? படத்தில் எழுத மட்டும் மறந்துவிட்டாய். ஆஸ்திரேலியாவில் பாதைக் கேட்டுகள் ஸ்பிரிங் வைத்துத் தானாகச் சாத்திக்கொள்ளும் என்று பெருமையாக எழுதியிருந்தாய். முள் தானாக நகராது அசீனா. முன்னால் போனவர்கள் விலக்கினார்கள், பின்னால் வருகிறவர்கள் வைப்பார்கள் என்று சங்கத்தார் ஒவ்வொருவரும் நடந்துவிட்டார்கள். கடைசியில் வந்தவர் சங்கத் தலைவராம். தனக்காகத்தான் வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம்! திரும்பும்போது வேறு வழியாகப் போய்விட்டார்கள். விழுந்த பழத்துக்குப் பன்றிகள் உள்ளே வந்தன. விடியற்காலையில் பழம் பொறுக்கக் குனிந்த சமுத்திரத்தைக் குட்டி போட்ட பன்றி ஒன்று பாய்ந்து குத்திவிட்டது.

செல்லக்கனி வந்து, "வன விலங்குன்னா அப்படித்தான அங்கிள் இருக்கும்" என்றாள். "பன்னியை நான் குத்தம் சொல்லலம்மா, அது உங்க சங்கத்துல மெம்பர் இல்ல" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். போகட்டும். எனக்கு இருளம்மாள் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. கால் பழையபடி வருமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. "அவிய நடக்கலைன்னா இந்தத் தோப்புல எங்களுக்கு என்ன சோலி, எங்க ஊரு சுந்தரபாண்டியத்துக்கே போயிருதோம்" என்கிறாள். இதில் சங்கத்தாரோடு நான் சமாதானம் பேசத் தயாராக இல்லை.

மாப்பிள்ளைக்கு சலாம் சொல். அங்கே இப்போது குளிர் தொடங்கும் காலம், காதை மூடிக்கொண்டு வெளியே போ. அல்லாஹ் உங்கள் இருவரையும் காப்பான். இனி செய்ய வேண்டியதை எழுதுகிறேன், தவறாமல் செய். நீ கொடுத்த படத்தை நீயே செல்லக்கனிக்கு எழுதித் திரும்ப வாங்க வேண்டும். சங்கத் தலைவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சமுத்திரத்தை நேரில் பார்க்க வேண்டும். இருளம்மாளுக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். போட்டோ எதுவும் வைக்காதே. அவன் வரும்வரை முள்ளை நானே போய் வைக்கிறேன். சமுத்திரம் செய்ய வேண்டியது ஒன்றுதான், எழுந்து நடக்க வேண்டும்.

உன் அத்தா,
ஜெய்னுலாப்தீன்