அன்று நீங்கள் நடந்திருக்கலாம்

நெஞ்சில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களை எடுத்து இரண்டு நாள் ஆகிறது. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் பசை முழுக்கப் போகவில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பிள்ளைகள் சேதி. நீங்கள் இருந்தால் அதைத்தான் கேட்பீர்கள். பேத்தி ஷாலினிக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கம்பெனி கார் லிங்கராஜபுரத்தில் நம் வாசலுக்கே வந்து நிற்கிறது. அவள் தம்பி பத்தாவதில் கன்னடத்தில் பள்ளிக்கே முதல். தமிழ் வீட்டுப் பையன் கன்னடத்தில் முதல் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். ஐந்தாவதோடு நின்றவள் நான், சொல்லாமல் இருப்பேனா.

இப்போது என் சேதி. உங்களுக்கு வந்த அதே படபடப்பு எனக்கும் வந்திருக்கிறது. நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது போல இருக்கும், பத்து நிமிஷத்தில் அடங்கிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுத்தால் ஒன்றும் தெரியாது. உங்களுக்கும் அப்படித்தானே இருந்தது. அதனால்தான் உங்களுக்குக் கொடுத்த மாதிரியே எனக்கும், நெஞ்சில் ஸ்டிக்கரும் ஒயரும் ஒட்டி, ஒரு நாள் முழுக்க இடுப்பில் கட்டிக்கொள்ள, இதயத் துடிப்பைப் பதிகிற சின்ன மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள்.

வயசெல்லாம் பெயிண்ட் வாளியோடு சாரம் ஏறி இறங்கின மனுஷன் நீங்கள். மெஷின் கட்டிய அன்று மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. "ஆடக் கூடாதுடி, ஒயர் கழண்டா எல்லாம் கலங்கிடும்" என்றீர்கள். நானும் தட்டைக் கைக்கே கொண்டுவந்து கொடுத்தேன். தண்ணீருக்கு எழுந்தபோது, "உக்காருங்க, நான் தரேன்" என்று அதட்டினேன். மெஷினில் ஒன்றும் இல்லை என்றார்கள். சந்தோஷத்தில் பிரியாணி செய்தோம். மூன்றாம் மாதம், இதயத்தில் உறைந்த ரத்தம் மூளைக்கு ஏறி, நீங்கள் போய்விட்டீர்கள்.

நாலு வருஷமாக அந்த அதட்டல் என் காதிலேயே இருக்கிறது.

மூன்று நாள் முன்னால் எனக்கு மெஷின் கட்டிய கன்னடப் பெண் பாட்டி முறை வைத்துச் சொன்னாள்: "அஜ்ஜி, குளிக்க மட்டும் வேணாம். தினம் செய்யற வேலை எல்லாம் செய்யுங்க. எப்போ என்ன செஞ்சீங்க, எப்போ படபடன்னுச்சு, மணி போட்டு எழுதுங்க." உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். நாம் இரண்டு பேரும் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

வீட்டுக்கு வந்ததும் மாவு ஆட்டினேன். ஈரத்துணியை மாடிக்குத் தூக்கினேன். காய் வாங்க நடந்தேன். ஷாலினி லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

"பாட்டி, கொஞ்சம் உக்காரேன்."

"உங்க தாத்தா உக்காந்தது போதும். வழிய விடு."

எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். சாயங்காலம் நாலு இருபதுக்கு, காய்ந்த துணி எடுக்க மாடி ஏறும்போது, மீன் துள்ளியது. படியிலேயே உட்கார்ந்து மணியைக் குறித்தேன். பயம்தான். ஆனாலும், வந்துவிட்டாயா என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

டாக்டரம்மா நான் எழுதினதை ஷாலினியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "நீங்க எழுதின அதே நாலு இருபதுக்கு மெஷின்ல மாட்டியிருக்கு அஜ்ஜி. இதயத்துல மேல ரெண்டு ரூம் இருக்கு. அங்க கரண்ட் கண்டபடி ஓடுது. அப்போ ரத்தம் தேங்கி உறையும். உறையாம இருக்க மாத்திரை தரேன், ஒரு வேளைகூட விடக் கூடாது."

"பொழைச்சுக்குவேனாம்மா?"

"ஒரே நாள்ல இவ்வளவு வேலையா? முதல்ல உங்களைப் புடிச்சு உக்கார வைக்கணும்."

சிரித்தேன். பிறகு, நாலு வருஷமாக யாரிடமும் கேட்காததைக் கேட்டேன். "அவரு அன்னைக்கு நடமாடியிருந்தா?"

"சொல்ல முடியாது அஜ்ஜி. மாட்டியிருக்கலாம். நடந்திருந்தாலும் அன்னைக்கு வராமலே இருந்திருக்கலாம். ரெண்டும் உண்டு."

பொய் சொல்லித் தேற்றாமல் விட்டாரே, அதுவே போதும். பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதியை நான் வைத்துக்கொள்கிறேன். காலையும் ராத்திரியும் மாத்திரை டப்பாவைத் திறக்க வைப்பது அதுதான். ஷாலினி கல்யாணத்துக்கு நான் இருப்பேன், கவலைப்படாதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சுவரில் இருப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்த படம். அதில் முறைக்கிறீர்கள். என்னைத்தான் முறைக்கிறீர்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அங்கே யாராவது போட்டோ எடுத்தால், சிரித்த முகமாய்ப் புதிதாக ஒன்று தபாலில் போடுங்கள்.