வலையின் ஆழப்பக்கம்

நவம்பர் 8, 1981
இங்கே நவம்பர் என்றால் கோடைத் தொடக்கம்; கடல் வெதுவெதுப்பாகிவிட்டது. போன வருடம் கழிமுகத்தோடு நின்ற பெட்டி ஜெல்லிமீன்கள் இந்த முறை நாங்கள் குளிக்கிற இடத்துக்கே வந்துவிட்டன. மேலே பட்டால் சாட்டையடிதான். குழந்தை என்றால் உயிரே போய்விடும். தினமும் உயிர்காப்பு மன்றத்து ஆட்கள் ஜெல்லி சிக்குகிறதா என்று வலையிழுத்துப் பார்த்த பிறகுதான் கடற்கரையைத் திறக்கிறார்கள்.

அந்த மன்றத்தில் இனி பெண்களும் சேரலாம் என்று விதி மாறிவிட்டது. தேர்வில் நானும் தேறிவிட்டேன். கேப்டன் டெஸ் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை? சாண்ட்விச் செய்வது. எனக்கு வலை வேண்டும்.

நவம்பர் 15
வலையிழுப்பவர்கள் பெண்கள் போடும் நைலான் காலுறையை இடுப்பு வரை ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். அதைத் தாண்டி ஜெல்லி கொட்டாது. எல்லாரும் கரும்பு லாரி ஓட்டுகிறவர்கள், ரோமக்கால்கள், ஆளுக்கொரு கிழிசல் — சிரித்து வயிறு வலிக்கிறது. டெஸ் மட்டும் மறுத்துவிட்டார். "இதைப் போட்டுக்கிட்டு பார்ல எவன் மூஞ்சில முழிக்கிறது?"

நவம்பர் 22
கொட்டினால் ஊற்றுவதற்குக் கரையில் வைத்த வினிகர் மறுபடியும் காலி. யாரோ உருளைக்கிழங்கு வறுவலில் ஊற்றித் தின்கிறார்கள்.

டிசம்பர் 6
வெறுங்காலோடு வலையிழுத்த டெஸ், முட்டளவு தண்ணீரில் அலறினார். கரையில் இழுத்துப் போட்டோம். கெண்டைக்கால் முழுக்க வரிவரியாகச் சிவப்பு. வினிகர் பாட்டிலைத் தூக்கினால் சொட்டு இல்லை. எவன் பண்ண வேலை இது? எதிர்க்கடைக்கு ஓடி, கேனோடு வந்து ஊற்றினேன். துண்டால் தேய்க்கப் போன டெஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். "தேய்ச்சா இன்னும் கொட்டும். சும்மா படுங்க."

டிசம்பர் 9
ஆஸ்பத்திரியில் டெஸ்ஸைப் பார்த்தேன். தழும்பு மட்டும் மிஞ்சுமாம். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு முனகினார்: "நோலா, பாட்டிலைக் காலி பண்ணது நான்தான். சனிக்கிழமை வறுவல் சப்புன்னு இருந்துச்சு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். பதிலுக்கு நான் எதுவும் கேட்கவில்லை. கிளம்பும்போது அவராகவே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வலையோட ஆழப்பக்க முனையை நீ புடி."

டிசம்பர் 13
மார்பளவு தண்ணீரில் நான். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. அடுத்ததில் ஒரு ஜெல்லி, தண்ணீரோடு தண்ணீராக, கையகலம். சிவப்புக் கொடியை ஏற்றினேன்.

பிள்ளைகள் சிணுங்கினார்கள். தாய்மார்கள் முறைத்தார்கள். "இந்த வெயில்ல கடலைச் சாத்திட்டாளே ராட்சசி" என்றான் ஐஸ்கிரீம்காரன். இதுவரை இந்தத் திட்டெல்லாம் டெஸ்ஸுக்குத்தான் விழும். இன்று முழுக்க எனக்கு. வீட்டுக்கு வந்து பாடிக்கொண்டே சமைத்தேன்.