பதினோராவது நோயாளியின் வயது

ஜூன் 3

மதிப்பிற்குரிய புரொபசர் அவர்களுக்கு,

அக்கா வீட்டிலிருந்து எழுதுகிறேன். நலம். உங்கள் நலத்தை விசாரிக்கும் எண்ணமில்லை. ஆனாலும் உங்கள் ரத்த அழுத்த மாத்திரை சமையலறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

இங்கே ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் சேர்ந்திருக்கிறேன். டோக்கன் எண் காட்டும் பலகைக்கு சி என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதியவர் அதை அரைகுறையாக விட்டுவிட்டுப் போய்விட்டார். "நீங்களே கத்துக்கிட்டு சரி பண்ணிட்டா வேலைய நிரந்தரமாக்கிடறேம்மா" என்றார் டாக்டர். யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

பதினைந்து வருடமாகக் கல்லூரியில் சி சொல்லித் தருபவர் நீங்கள். வீட்டுக்கு வந்த நண்பர்கள் முன்னால், "இவளுக்கு டிவி ரிமோட்டே பிடிக்கத் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தவரும் நீங்கள்தான். அதனால்தானே நான் இங்கே இருக்கிறேன். என்ன செய்வது, எனக்கு வேறு ஆள் தெரியாது. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

இப்படிக்கு,
ரிமோட் பிடிக்கத் தெரியாதவள்

ஜூன் 8

அன்புள்ள அம்மணிக்கு,

மாத்திரை கிடைத்தது. ரிமோட் விஷயம் விளையாட்டுக்குச் சொன்னது. அதற்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்களா?

நான் எழுதிய பாடக்குறிப்பை அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படி. ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் அரைப்புள்ளி வைக்க மறக்காதே. உனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். மனம் தளராதே.

துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று எழுதவும். என் வெள்ளைச் சட்டை ஐந்தும் ரோஜா நிறமாகிவிட்டன. மாணவர்கள் பார்க்கும் பார்வை சரியில்லை.

உன் வாத்தியார்

ஜூன் 29

புரொபசர் அவர்களுக்கு,

இயந்திரத்தில் எந்தப் பொத்தானும் தவறில்லை. சிவப்புத் துண்டை வெளியே எடுங்கள்.

ஒரே ஒரு அரைப்புள்ளியை விட்டதற்கு, புரோகிராமைச் சரிபார்க்கும் கம்பைலர் இருபத்தேழு தவறுகளைக் காட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டை மாதிரி, எங்கோ ஆரம்பித்து எங்கேயோ போகிறது.

நேற்று என் முதல் புரோகிராமைப் பலகையில் ஓட்டினேன். எண்டர் தட்டினால் அடுத்த எண் வரவேண்டும். ஒன்று வந்தது. மறுபடி தட்டினேன், மறுபடியும் ஒன்றுதான். முதல் டோக்கன்காரர் மிகவும் பணிவானவர். எண் வரும்போதெல்லாம் எழுந்து உள்ளே போனார். மூன்றாவது தடவை டாக்டர் வெளியே வந்து, "இவருக்குக் கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு, உங்களுக்குத்தான் பாக்கணும்" என்றார். எங்கே தப்பு?

இப்படிக்கு,
வரவேற்பு மேசை

ஜூலை 4

அன்புள்ள அம்மணிக்கு,

எண்ணைக் காட்டிய பிறகு அதோடு ஒன்றைக் கூட்ட மறந்திருக்கிறாய். அவ்வளவுதான். ஆசிரியர் அறையில் இதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்குக்கு ஏறிவிட்டது.

வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

உன் வாத்தியார்

ஜூலை 20

புரொபசர் அவர்களுக்கு,

பலகை இப்போது ஒழுங்காக எண்ணுகிறது. ஆனால் உங்கள் குறிப்பில் நாற்பத்தோராம் பக்கம் தப்பு.

பத்துப் பேருடைய வயதை வாங்கி அச்சிடும் புரோகிராம் அது. பத்து நோயாளிகளின் வயதைக் கொடுத்தேன். பதினோரு பேர் வந்தார்கள். பதினோராவது ஆளின் வயது முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தாறு. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் ஒன்பதோடு நிறுத்த வேண்டும். அச்சிடும்போது நீங்கள் பத்து வரை ஓடவிட்டிருக்கிறீர்கள். அதனால் கணினியின் நினைவில் கிடக்கும் ஏதோ ஓர் எண் வயதாக வந்து நிற்கிறது.

இப்படிக்கு,
வரவேற்பு மேசை

ஜூலை 24

அம்மணிக்கு,

அந்தக் குறிப்பைப் பதினைந்து வருடமாகப் பயன்படுத்துகிறேன். ஒருவர்கூட இப்படிச் சொன்னதில்லை. நீதான் தப்பாக டைப் செய்திருப்பாய். நாளை வகுப்பிலேயே ஓட்டிக் காட்டுகிறேன்.

வாத்தியார்

ஆகஸ்ட் 2

அன்புள்ள அம்மணிக்கு,

ஓட்டிக் காட்டினேன். அறுபது மாணவர்களுக்கு முன்னால், பெரிய திரையில். பதினோராவது ஆள் வந்தான். வயது மைனஸ் நானூற்றுச் சொச்சம்.

கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், அது எல்லாருக்கும் தெரியும் சார். சீனியர்ஸே சொல்லித்தான் குடுப்பாங்க. உங்ககிட்ட சொல்லத்தான் பயம்" என்றாள்.

இந்த ஒரு வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் துணிந்து சொன்னவள் நீ ஒருத்திதான். உன்மேலும் பாய்ந்தேன். அன்று ரிமோட் பற்றிச் சொன்னது விளையாட்டு இல்லை. நாலு பேர் சிரிக்க வேண்டும் என்று உன்னைக் குறைத்துச் சொன்னேன். நீ தட்டை வைத்துவிட்டு உள்ளே போனதையும் பார்த்தேன். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு. இந்த நாலு வரி எழுத மூன்று தாள் கிழித்தேன்.

எப்போது திரும்பி வருவாய்?

உன் கணவன்

ஆகஸ்ட் 7

என்னங்க,

உங்கள் கடிதத்தை அக்காவிடம்கூடக் காட்டவில்லை. இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

ஆனால் நான் திரும்பி வரப்போவதில்லை. வேலை நிரந்தரமாகிவிட்டது. மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு பிடித்திருக்கிறேன். ஜன்னல் பெரியது, சமையலறை சின்னது. ஒரே கடிதத்தில் எல்லாம் ஆறிவிடாது. இருந்தாலும் சனிக்கிழமை வாருங்கள். பேசிப் பார்ப்போம். இந்த ஊரிலும் கல்லூரி இருக்கிறது.

அன்று சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்டேன். "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டார் டாக்டர். "என்கிட்ட சி படிக்கிறார்" என்று சொல்லிவிட்டேன். அவர் உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார். தயவுசெய்து வந்து காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மனைவி