புழுவுக்கு அளவெடுப்பது

மார்ச் 4, திங்கள்
கணவனும் மனைவியும் சண்டை போட உலகத்தில் எத்தனையோ விஷயம் இருக்கிறது. எங்களுக்கு வாய்த்தது புழு. இவர் வளர்க்கிறார், நான் அளக்கிறேன். புழு ஒரு மில்லிமீட்டர்தான். நான் செய்த ரப்பர் சிப்புக்குள் தலைமுடி அகலத்தில் ஒரு கால்வாய். தண்ணீர் புழுவைத் தள்ளிக்கொண்டு வரும், கேமரா நீளம் பார்க்கும், அடுத்தது வரும். வரவேண்டும். இன்று முதல் புழுவே பாதி வழியில் மாட்டிக்கொண்டது.

"உன் கால்வாய் குறுகல்."

"உங்க பிள்ளைங்க குண்டு."

மார்ச் 5
மறுபடி அடைப்பு. ஆய்வகத் தலைவர் எட்டிப் பார்த்தார். வெள்ளிக்குள் சிப் ஓடாவிட்டால் பழையபடி கண்ணாலேயே அளந்துகொள்ளலாமாம். எனக்கு எதிர்க்கட்டடத்தில் இடம் இருக்கிறதாம். "ரோட்டைத் தாண்டினா போதும்மா."

கல்யாணத்துக்கு முன்பிருந்தே நானும் இவரும் ஒரே மேசை. பிரிந்தால் நல்லதுதான், கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். எழுதிவிட்டேன். நம்பும்படி இல்லை.

மார்ச் 6
இவர் புழுக்களோடு பேசுகிறார். என்னோடு இல்லை.

மார்ச் 7
கால்வாயை மறுபடி அளந்தேன். வரைந்தபடியே இருக்கிறது. அப்படியானால் புழு? மூன்று நாள் புழு இவ்வளவு பருக்காதே. போய்ப் பார்த்தால், புழு வளரும் தட்டுகள் இருக்கவேண்டிய இருபது டிகிரி பெட்டியில் இல்லை. இருபத்தைந்தில் உட்கார்ந்திருக்கின்றன. சூட்டில் மளமளவென்று வளராமல் என்ன செய்யும்?

கேட்டேன். கூரையைப் பார்த்தார்.

"பாவம், குளிருமேன்னு மாத்தி வெச்சேன்."

"எலும்பே இல்லாத ஜென்மத்துக்கு என்னங்க குளிர்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

கோபம் வரவேண்டும். வரமாட்டேன் என்கிறது. போன குளிர்காலத்தில் கேட்காமலே என் நாற்காலிக்கு அடியில் ஹீட்டர் வைத்ததும் இதே ஆசாமிதான்.

புதிதாக வளர்க்க மூன்று நாள் வேண்டும். நாளை வெள்ளி. உண்மையைச் சொன்னால் புழுக்களை இவரிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள். "கால்வாய்தான் குறுகல்னு சொல்லிடறேன். நான் போறேன், விடுங்க," என்றேன்.

மார்ச் 8
தலைவர் முன்னால் நான் வாயைத் திறப்பதற்குள் இவர் திறந்துவிட்டார். "சிப் சரியாத்தான் இருக்கு சார். புழுவுக்குக் குளிருமேன்னு நான்தான் சூட்டுல வெச்சேன்." தலைவர் இவரை வெகுநேரம் பார்த்தார், புது வகைப் பூச்சியைப் பார்ப்பதுபோல. புதுப் புழு வளர, எனக்குத் திங்கள்வரை கெடு.

யாரு கேட்டா இவரை? நான்தான் போறேன்னு சொன்னேனே! லூசு மனுஷன் — வெளியே வந்து திட்டினேன். "நீ போயிட்டா அந்த சிப்பை யாரு ஓட்டறது, நானா?" என்கிறார்.

மார்ச் 11, திங்கள்
சிப் ஓடியது. புதுப் புழுக்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன, நல்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல. தலைவர் எனக்குக் கை கொடுத்தார். இவருக்கு எதிர்க்கட்டடம். அங்கே ஈ வளர்க்க வேண்டுமாம்.

மார்ச் 12
இந்த மேசை இவ்வளவு பெரிதா?

மார்ச் 26
ஈயின் குஞ்சுகளையும் — அவையும் புழுதான் — அளக்க ஒரு சிப் வேண்டும் என்று எதிர்க்கட்டடத்திலிருந்து கோரிக்கை. கேட்டவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. தினமும் மதியம் அங்கே போய், இவர் பக்கத்தில் உட்கார்ந்து, குஞ்சுகளுக்கு அளவெடுக்கிறேன். ஒரே மதியத்தில் முடிகிற வேலை. தலைவரிடம் இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன்.